நீல நாடாவில் பாதிக் காசு

லண்டன்
1675 ஜூன் 4

நான் சொன்னேனா இல்லையா, தாமசின்! நலம் விசாரித்துவிட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் இதைச் சொல்லாமல் பேனா நகர மாட்டேன் என்கிறது. நடந்தது அத்தனையும் நான் முன்னாலேயே சொன்னதுதான். ஈஸ்டருக்கு லட்லோ வந்தபோது உங்கள் அடுப்படியில் கையில் ரொட்டியோடு நின்று என்ன சொன்னேன்? 'ஃபாரன்ட் வீட்டு இளையவன் ஜெர்வாஸ் ஊரில் தங்கமாட்டான். நிலமெல்லாம் அண்ணனுக்குப் போய்விட்டது, அவனுக்கு அங்கே என்ன இருக்கிறது? லண்டனுக்குத்தான் வருவான், வந்தால் முதலில் என் கடைப்படிதான் ஏறுவான்.' உன் அம்மா சிரித்தாள். இப்போது அக்காவிடம் இதைச் சத்தமாக வாசித்துக் காட்டு.

என் இடுப்புப் பிடிப்பைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம். அக்காவின் இருமல் எப்படி?

செவ்வாய்க்கிழமை என் பொய்முடிக் கடையில் ஒரு பிரபு உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்லக்கூடாது, பெரிய இடம். அவருடைய மொட்டைத் தலையை நாடா பிடித்து அளந்துகொண்டிருக்கிறேன், ஜெர்வாஸ் உள்ளே நுழைகிறான். மழையில் நனைந்து சொந்த முடி முகத்தில் ஒட்டிக் கிடக்கிறது.

"மாமா! இனிமே உங்களை மாமான்னுதானே கூப்பிடணும்?"

"தாராளமா கூப்பிடு. தாமசினைக் கட்டிக்கிட்டப்புறம் இன்னும் சத்தமா கூப்பிடு."

"அதுக்குத்தானே வந்திருக்கேன். ஒரு பெரிய வீட்ல எழுத்து வேலை காலியா இருக்காம். ஆனா இந்த ஊர்ல சொந்த முடியோட நடந்தா வாசக்காவல்காரன்கூடக் குதிரைக்காரன்னு நினைச்சுத் தொழுவத்தைக் காட்டறான். எனக்கு ஒரு டோப்பா வேணும் மாமா. பார்த்தவுடனே கதவைத் திறக்கற மாதிரி டோப்பா."

அளவெடுக்கக் கழுத்துப் பட்டியைத் தளர்த்தச் சொன்னேன். அப்போதுதான் பார்த்தேன், தாமசின். கழுத்தில் ஒரு நீல நாடா. நாடாவின் நுனியில் பாதிக் காசு. தேவாலய வாசலில் கொல்லனை வைத்து நீங்கள் இருவரும் வெட்டிக்கொண்டீர்களே, அந்தத் தங்கக் காசில் அவனுடைய பாதி. நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையால் மூடிக்கொண்டான். பிரபுகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாதி திரும்பி வராதவரைக்கும் வாக்கு நிற்கிறது என்று லட்லோவில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். ஆகையால் நீ நிம்மதியாக இரு. முடிதான் கவலை. நல்ல பொய்முடிக்குப் பன்னிரண்டு பவுன் ஆகும், அதில் பாதிக்கு மேல் முடிக்கே போய்விடும். ஏதாவது செய்வேன். நான் இருக்கிறேனே.

அக்காவை இரவில் வெந்நீர் குடிக்கச் சொல்.

உன் மாமா
பார்னபி


லட்லோ
ஜூன் 26

மதிப்புக்குரிய மாமாவுக்குத் தாமசின் வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. உங்கள் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். "அவன் பொறந்ததிலேர்ந்தே எல்லாத்தையும் முன்னாடியே சொன்னவன்தான், நடந்து முடிஞ்சப்புறம்" என்றாள் அம்மா. கோபிக்காதீர்கள், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நாடாவைப் பற்றி எழுதியதற்கு நன்றி. அந்த இடத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கடிதம் நல்ல நேரத்தில் வந்தது. கையுறை தைக்கும் எலியாஸ் வாட்கிஸ் போன வாரம் அம்மாவிடம் என்னைப் பெண் கேட்டு வந்தார். அம்மாவுக்குச் சம்மதம்தான். நானே உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன்.

"நான் வாக்குக் கொடுத்தவ. அவரோட பாதிக் காசை அவர் கழுத்துலயே போட்டிருக்காராம். மாமா எழுதியிருக்கார்."

"கழுத்துலயா?" என்று கேட்டார்.

"ஆமா. நீல நாடாவுல."

கொஞ்ச நேரம் தொப்பியையே திருப்பிக்கொண்டிருந்தார். "அப்ப சரிங்க. உங்க வாக்கு ஒருத்தர் கழுத்துல இருக்கறப்ப நான் கேக்கறது திருட்டு மாதிரி. அவரா திருப்பி அனுப்பினா மட்டும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி விடுங்க" என்று போய்விட்டார்.

இதோடு ஒரு துணிப்பொட்டலம் வருகிறது. என் முடிதான். இடுப்புக்குக் கீழே வரை இருந்தது, ஒரே நீளமாக வெட்டி நுனியில் கட்டியிருக்கிறேன். விலை கொடுக்க வேண்டாம். யாருடையது என்று அவரிடம் சொல்லவும் வேண்டாம். தெரிந்தால் போட்டுக்கொள்ள மாட்டார்.

அம்மா உங்கள் இடுப்புக்கு வாத்துக் கொழுப்புத் தடவச் சொல்கிறாள்.

தாமசின்


லண்டன்
ஜூலை 22

அன்பு மருமகளே, பொட்டலம் வந்தது. நான் முப்பது வருஷமாக முடி வாங்குகிறவன். ஃபிளாண்டர்ஸ் முடி, நார்மண்டி முடி, கன்னிமாடத்தில் வெட்டிய முடி எல்லாம் இந்தக் கையால் சீவியிருக்கிறேன். பிரித்துக் கடை மேசையில் விரித்தேன். எதிர்க்கடைக்காரன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். அவன் தொப்பி போட்டிருக்கவில்லை என்று என் மனைவி சொல்கிறாள். அவளுக்கு அப்படித்தான், எதையும் ஒழுங்காகக் கவனிக்க மாட்டாள்.

மூன்று வாரம் நானே உட்கார்ந்து பின்னினேன், வேறு யார் கையையும் படவிடவில்லை. தோளுக்குக் கீழே சுருள் சுருளாக இறங்குகிறது. வெயிலில் செந்நிறம், விளக்கில் கறுப்பு. ஜெர்வாஸ் வந்து மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் நின்றான்.

"எந்த ஊர் முடி மாமா இது? நம்ம பக்கத்து வாசனை அடிக்குதே."

"எந்த ஊரா இருந்தா உனக்கென்ன? தலைக்குப் பொருந்துதா பாரு."

"பொருந்துதாவா! கழட்டவே மனசில்லை."

சொல்லத் துடித்தேன், தாமசின். உன் பேச்சுக்காக வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடியது இது வரலாற்றிலேயே இரண்டாவது தடவை.

வேலை விஷயம் கூடிவருகிறதாம். அக்காவுக்கு என் அன்பு.

மாமா


லட்லோ
ஆகஸ்ட் 30

மாமாவுக்கு வணக்கம். நாங்கள் இருவரும் நலம். உங்களுக்கும் அத்தைக்கும் எப்படி?

அவருக்கு ஜூலையில் ஒன்றும் இந்த மாதம் இரண்டும் எழுதினேன். உங்கள் கடை விலாசத்துக்குத்தான் அனுப்பினேன், கொடுத்திருப்பீர்கள். பதில் எழுத நேரமிருக்காது என்று எனக்குத் தெரியும். வேலை கொடுக்கப்போகும் பிரபுவின் பெயர் என்ன என்று அம்மா கேட்கிறாள். நான் கேட்கவில்லை.

முடி குட்டையாக இருப்பதால் தெருவில் எல்லோரும் காய்ச்சலா என்று விசாரிக்கிறார்கள். எலியாஸ் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் ஆட்டுக்குட்டித் தோலில் உள்ளே கம்பளி வைத்துத் தைத்த ஒரு குல்லாயை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். "காது குளிருமே" என்று மட்டும் சொன்னாராம். அளவு எப்படி அவ்வளவு சரியாக இருந்தது என்று தெரியவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் காற்று அதிகமாகிவிட்டது.

தாமசின்


லண்டன்
அக்டோபர் 18

அன்பு மருமகளுக்கு, தாமதமாக எழுதுகிறேன் என்று திட்டாதே. குளிர்காலத்துக்கு ஊரே பொய்முடி செய்துகொள்ள வந்துவிட்டது. போன வாரம் மட்டும் ஏழு பிரபுக்கள். சரி, நான்கு. எல்லோரும் நலம்.

ஒரு வேடிக்கை கேள். வியாழக்கிழமை நாடகக் கொட்டகைக்குப் போயிருந்தேன். மேடையில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது, அங்கே எல்லோரும் ஒருவரையொருவர் பார்க்கத்தானே போகிறார்கள். எனக்கு முன் வரிசையில் நம் பொய்முடி. ஆயிரம் தலையிலும் எனக்குத் தெரியும் அது. ஜெர்வாஸ் பக்கத்தில் கறுப்பு முகமூடி போட்ட ஒரு சீமாட்டி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறாள்.

"உங்க டோப்பா அளவுக்குக்கூட நீங்க பேச மாட்டேங்கறீங்களே" என்கிறாள் அவள்.

"அது விலை ஒசத்தி அம்மா. நான் மலிவு."

"மலிவா? இன்னிக்கு எத்தனை தடவை என் வண்டியைப் பத்தி விசாரிச்சீங்கன்னு எண்ணிட்டுத்தான் இருக்கேன்."

"குதிரையைப் பத்தித்தான் விசாரிச்சேன்."

"வீட்டைப் பத்தியும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவன் வேலை பார்க்கும் வீட்டுப் பிரபுவின் தங்கையாம் அவள், பக்கத்திலிருந்தவர் சொன்னார். அதனால் நீ ஒன்றும் நினைக்காதே. லண்டனில் முதலாளி வீட்டுப் பெண்களுக்கு ஆரஞ்சு வாங்கிக் கொடுப்பதும் எழுத்து வேலையில் சேர்ந்ததுதான். அவன் குனிந்தபோது பின்கழுத்தில் நீல நாடா தெரிந்தது.

உன் கடிதங்களைக் கையில் கொடுத்தேன். அக்காவின் இருமல் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே?

மாமா


லட்லோ
நவம்பர் 9

மாமாவுக்கு வணக்கம். அம்மா படுக்கையில் இருக்கிறாள், ஆனால் பயப்படும்படி இல்லை. எலியாஸ் விறகு பிளந்து கொடுத்துவிட்டுப் போகிறார். வேண்டாம் என்றால், "உங்களுக்கு இல்லைங்க, அம்மாவுக்கு" என்கிறார்.

ஃபாரன்ட் வீட்டுக் குதிரைக்காரன் சந்தையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஜெர்வாஸ் யாரோ ஒரு சர்க்கரை வியாபாரியின் விதவையைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாராம். எழுத்து வேலை என்று ஒன்றும் இல்லையாம். அவன் குடித்திருந்தான் என்று அம்மா சொல்கிறாள்.

நான் உங்களிடம் வேறு எதையும் கேட்கவில்லை மாமா. அந்தக் காசு அவர் கழுத்தில் இருக்கிறதா? அதை மட்டும் எழுதுங்கள்.

தாமசின்


லண்டன்
ஜனவரி 17

அன்பு தாமசினுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. எனக்கு உடம்பு சரியில்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. அத்தை உனக்கு முத்தம் அனுப்புகிறாள். அக்காவுக்குக் குளிர் எப்படி ஒத்துக்கொள்கிறது?

குதிரைக்காரன் சொன்னது நிஜம். குவென்னல் அம்மாள் என்று பெயர், கொட்டகையில் ஆரஞ்சு உரித்தாளே, அவளேதான். பிப்ரவரி முதல் தேதி, தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால் கல்யாணம். ஒப்பந்தம் எழுதிய அன்று நான் அந்த வீட்டில் இருந்தேன், பொய்முடியை மரத்தலைக் கட்டையில் மாட்டிச் சுருள் சரிசெய்துகொண்டு. உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வக்கீல் வாசித்தார். வீடும் சர்க்கரைப் பங்குகளும் அம்மாள் பெயரில் அவளுடைய ஆட்களிடமே இருக்கும். ஜெர்வாஸுக்கு வருஷம் இருநூறு பவுன். அதற்கு மேல் சூதாடினால் அவன் பாடு.

"வியாழக்கிழமை நீங்க எங்க போனீங்கன்னு நான் கேக்க மாட்டேன்" என்றாள் அந்த அம்மாள். "வெள்ளிக்கிழமை நான் எங்க போனேன்னு நீங்க கேக்கக்கூடாது."

"ஞாயிறு?"

"ஞாயிறு ரெண்டு பேரும் சேர்ந்து கோயிலுக்கு. ஊர் பார்க்கணும் இல்லையா?"

"என்னை என்ன சரக்குன்னு நினைச்சீங்களா?" என்று அவன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. "பதினேழு வயசுல என்னை வித்தாங்க ஜெர்வாஸ். இதே மாதிரி ஒரு மேசை. பேசினவங்க எல்லாம் உக்காந்திருந்தாங்க, நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன். இந்தத் தரம் வாங்கறது நான். நிதானமா வாசிங்க வக்கீலய்யா, எனக்கு அவசரம் இல்லை."

கெட்டவள் என்று எழுதத்தான் ஆசை. எழுத முடியவில்லை.

அப்புறம் எழுந்து கட்டையிடம் வந்தாள். ஒரு சுருளை விரலில் சுற்றிப் பார்த்தாள்.

"யார் முடி இது? பிளேக்ல செத்தவங்க முடியைக்கூட விக்கறாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

"செத்தவங்க முடி இல்லைங்கம்மா. லட்லோ பக்கத்துப் பொண்ணு. உயிரோடதான் இருக்கா."

"இவ்வளவு நல்ல முடியை எதுக்குக் குடுத்தா? பசியா?"

நான் ஜெர்வாஸைப் பார்த்தேன். அவன் கையில் பேனா. மை சொட்டிக் காகிதத்தில் ஒரு வட்டம் விழுந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது, தாமசின்.

"பசி இல்லைங்கம்மா" என்றேன்.

"முடிக்காரரே, பேசினது போதும்" என்றான் ஜெர்வாஸ். ஜூனில் மாமா, ஜனவரியில் முடிக்காரர். பேனாவைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

நீ கேட்டதற்குப் பதில்: கழுத்துப் பட்டி இறுக்கமாக இருந்தது. ஆனால் ஓரத்தில் நீலம் தெரிந்தது.

உன் மாமா


லட்லோ
பிப்ரவரி 15

மாமாவுக்கு வணக்கம். அம்மா எழுந்து உட்காருகிறாள். கஞ்சி குடிக்கிறாள். நீங்களும் அத்தையும் நலம் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தை இந்தத் தடவை சத்தமாக வாசிக்கவில்லை.

எனக்கு அவர்மேல் இப்போது கோபம் இல்லை, ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் வாக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. அவர் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டார், காசை மட்டும் கழற்றவில்லை. ஏன் என்று யோசித்து யோசித்துத் தூக்கம் போகிறது. ஒருவேளை அவருக்கு அது முடிந்துபோகவில்லையோ என்று தோன்றுகிறது. அப்படியானால் என் பாதியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நான் எப்படி இன்னொருவர் வீட்டுக்குப் போவது? டீம் ஆற்றில் எறி என்கிறாள் அம்மா. என் பாதியை எறிந்தால் அவருடைய பாதி போய்விடுமா?

வூஸ்டரில் எலியாஸின் சித்தப்பா கடையை அவருக்கு விடுகிறார். மார்ச் இருபத்தைந்து, மங்கள வார்த்தைத் திருநாளில் குத்தகை மாறுகிறது, அன்று காலை போய்விடுவார். நேற்று விறகு கொண்டுவந்தபோது சொன்னார்.

"நான் அவசரப்படுத்தலைங்க. குத்தகைத் தேதி என் கையில இல்லை."

"அவருக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே எலியாஸ்" என்றேன். நானாகச் சொன்னேன் மாமா.

"அவர் வாக்கை அவர் உடைச்சுட்டார். உங்க வாக்கு இன்னும் அவர்கிட்டயே இருக்கே" என்றார். "நாளைக்கு அவர் அதைக் கையில எடுத்துக்கிட்டு வந்து நின்னா உங்க முகத்தை நான் பார்க்கணும். அது என்னால முடியாதுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. குல்லாயில் ஒரு தையல் விட்டிருந்தது, நின்றபடியே அதைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

கல்யாணத்தன்று காலையில் அவருக்குப் பொய்முடி வைத்துவிட்டது நீங்கள்தானே. பட்டி கட்டும் முன்னால் கழுத்தைப் பார்த்திருப்பீர்கள். இருந்ததா, இல்லையா? ஒரு சொல் போதும்.

தாமசின்


லண்டன்
மார்ச் 2

அன்பு மருமகளுக்கு, இங்கே எல்லோரும் நலம். அக்கா எழுந்து உட்கார்ந்தது கேட்டு அத்தை அழுதாள். தேம்ஸில் பனிக்கட்டி வீடு உயரம் மிதந்தது. இதோடு ஒரு பெட்டி எலுமிச்சை, போர்ச்சுக்கலிலிருந்து நேராக வந்தது, கப்பல் தலைவன் என் நண்பன். தேனில் பிழிந்து அக்காவுக்குக் கொடு. வேறு விசேஷம் இல்லை.

மாமா


லட்லோ
மார்ச் 11

மாமா,

எலுமிச்சை வந்தது. அம்மா உங்களுக்கு நன்றி சொல்கிறாள். பதில் வரவில்லை.

தாமசின்


லண்டன்
மார்ச் 19

தாமசின்,

இதோடு வரும் சின்னப் பொட்டலத்தை முதலில் பிரி. பிரித்துவிட்டுப் பிறகு வாசி.

தபாலை நம்பவில்லை. லட்லோ பக்கம் போகும் கம்பளி வியாபாரி ஒருவர் குதிரையில் கிளம்பிக்கொண்டிருக்கிறார். இருபத்துநான்காம் தேதிக்குள் உன் கையில் சேர்ப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறார். அவர் வாசலில் நிற்கிறார், அதனால் என்னால் அலங்கரித்து எழுத முடியாது.

அது ஜெர்வாஸின் பாதிதான். பின்பக்கம் உன் பெயரின் முதல் எழுத்துக் கீறியிருக்கும். ஓரத்தில் உள்ள பல் தடம் என்னுடையது.

போன ஜூனில் அவன் என் கடைக்கு வந்தது நிஜம். மழையும் நிஜம். பிரபு யாரும் இல்லை, நான் தனியாகத்தான் இருந்தேன். முன்பணம் கேட்டேன். அவன் சட்டைப்பையில் கைவிட்டு இதை எடுத்து மேசையில் வைத்தான். "பாதிதான் இருக்கு மாமா. ஆனா தங்கம் தங்கம்தானே? கையில பணம் வந்ததும் மீட்டுக்கறேன்" என்றான். பழக்கதோஷத்தில் எடுத்துக் கடித்துப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தபோதுதான் எழுத்துத் தெரிந்தது. அப்போதே அவன் முகத்தில் விட்டெறிந்திருக்க வேண்டும். மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். மீட்டுக்கொள்வான் என்று நம்பினேன் என்று சொல்லிக்கொள்கிறேன். பன்னிரண்டு பவுன் வேலை கைவிட்டுப் போகக்கூடாது என்றும் நினைத்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று மாலை உனக்கு எழுத உட்கார்ந்தேன். 'அடகு வைத்தான்' என்று எழுதக் கை வரவில்லை. வேறொன்று எழுதினேன். எழுதியதும் எனக்கே அழகாக இருந்தது. நீ அதை வாசித்துவிட்டு எலியாஸை அனுப்பிவிட்டாய் என்று தெரிந்தபோது உன் முடி என் மடியில் இருந்தது. ஜூனிலேயே இந்தக் காசை அனுப்பியிருந்தால் அந்த முடி உன் தலையிலேயே இருந்திருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் அதையே திரும்ப எழுத வேண்டியதாயிற்று. நிறுத்தத் தெரியவில்லை.

கல்யாணத்தன்று காலையில் இதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். பொய்முடி வைத்து முடித்ததும் காசை அவன் முன்னால் நீட்டினேன்.

"என்னது இது?" என்றான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "ஓ." கண்ணாடியைப் பார்த்து ஒரு சுருளைத் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு என் கையை மூடி என் பக்கமே தள்ளினான். "அவகிட்டயே அனுப்பிடுங்க மாமா."

ஆமாம், அன்று மாமா என்றான். அவனே திருப்பி அனுப்பச் சொன்னான், தாமசின். ஆறு வாரமாக நான்தான் அனுப்பவில்லை. அனுப்பினால் முதல் கடிதத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருக்கும் என்று பயம்.

எல்லாவற்றையும் முன்னால் சொன்னவன் என்று பீற்றிக்கொண்டேனே, எலியாஸ் என்று ஒருவர் ஆட்டுத்தோலில் குல்லாய் தைப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பாதியையும் அவர் கண்முன்னால் சேர்த்துக் காட்டு. இந்தக் கடிதத்தையும் காட்டு. அக்காவுக்கு மட்டும் வாசித்துக் காட்டாதே, அல்லது காட்டு, உன் இஷ்டம். என் உடம்பு நலம் என்று சொல்.

கழுத்தில் இருந்ததா என்று ஒரு சொல்லில் கேட்டாய். இல்லை. அன்றைக்கும் இல்லை, ஆரஞ்சு தின்ற அன்றும் இல்லை, ஜூனிலும் இல்லை. உனக்கு எழுதிக்கொண்டிருந்தபோது எதிர்க்கடை ஜன்னலில் ஒரு நாடாச் சுருள் தொங்கியது, கெஜம் ஆறு பென்னி. அந்த நீலத்தைத்தான் அவன் கழுத்தில் கட்டிவிட்டேன்.